வீட்டை ஈடு வைக்குமுன் போட வேண்டிய கணக்கு

கைத்தறி நெய்பவருக்கு வீடு என்பது உறங்குவதற்கு மட்டும் உரிய இடமன்று. குழித்தறி போட வேண்டுமாயின் தரையில் குழி வெட்ட வேண்டும். வாடகை வீட்டில் குழி வெட்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? சம்மதித்தவரும் ஒரு நாள் காலி செய்யச் சொன்னால், தறியைப் பிரித்துப் பாவை எடுத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் மீண்டும் நிறுத்தி ஓட்டுவதற்குள் எத்தனை நாள் கூலி போய்விடும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தியும் மஞ்சளும் விளைவிப்பவருக்கோ, விளைந்த சரக்கை நல்ல விலை வரும்வரை வைத்திருக்கச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும். ஆகவே, வீடு வாங்க வேண்டும் என்னும் ஆசையை ஆடம்பரம் என்று ஒருவரும் தள்ளிவிட இயலாது. ஆசை நியாயமானதே. கணக்கில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

சில காலத்துக்கு முன் அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். பதினைந்து லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், கையில் ஐந்து லட்சம் இருப்பதாகவும், மீதிப் பத்து லட்சத்தைக் கடனாகத் தர ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். "மாதம் ஒன்பதாயிரம் கட்டினால் போதும் என்கிறார்கள், ஐயா. இப்போதே வாடகை ஐந்தாயிரம் போகிறது. இன்னும் நாலாயிரத்துக்கு நெய்தால் வீடு நம்முடையது" என்றார். எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும், வட்டி நிலையானதா மாறக்கூடியதா, வீட்டை எந்த வகைப் பத்திரத்தின் மூலம் ஈடு கேட்கிறார்கள், சாவி கைக்கு வருமுன் வேறு என்னென்ன செலவு என்று கேட்டபோது, ஒன்றுக்கும் அவரிடம் விடை இல்லை. பாவில் ஓர் இழை குறைந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடும் மனிதர் அவர். அறிவுக் குறைவால் வந்த தவறன்று அது. மாதத் தவணை எவ்வளவு என்ற ஒரே கேள்வியைத்தான் கடன் கொடுப்பவர்கள் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

ஈட்டின் வகைகள்

முதலில் பத்திரத்தைப் பார்ப்போம். வட்டியில் தவறினால் பணம் போகும். பத்திரத்தில் தவறினால் வீடே போகும்.

நம் நாட்டில் அடமானத்தை ஆள்வது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அது பலவகை ஈடுகளைக் கூறுகிறது. சாதாரண ஈட்டில் வீடு நம் அனுபவத்திலேயே இருக்கும். கடனைத் தீர்க்காவிடில் கொடுத்தவர் நீதிமன்றம் சென்று வீட்டை விற்பித்துப் பணம் பெறலாம். சுவாதீன ஈட்டில் வீட்டைக் கடன் கொடுத்தவர் வசம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் அதில் குடியிருப்பதோ வாடகை பெறுவதோ வட்டிக்கு ஈடாகிறது. நம் ஊர்களில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்குவது இதுவே. வீடு வாங்கப் பணம் போதாத குடும்பங்கள் சில, ஒரு தொகையைக் கொடுத்து ஒத்திக்கு வீடு பிடித்து வாழ்வதும் உண்டு. அவ்வாறு பணம் கொடுப்பவர், முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதோடு நின்றுவிடாமல் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்வது அவசியம். பதிவில்லாத ஒத்தி, வீட்டுக்காரர் வேறொருவருக்கு வீட்டை விற்றுவிட்டால் மிகவும் சங்கடத்துக்கு உள்ளாக்கும்.

வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் பெரும்பாலும் கேட்பது உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் ஈடு. கிரயப்பத்திரம், அதற்கு முந்திய தாய்ப்பத்திரங்கள் ஆகியவற்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குச் சான்றாக ஓர் ஒப்படைப்புப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். வீடு நம் பெயரில், நம் அனுபவத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றில் மட்டும் இந்த ஈடு ஏறிவிடும். இவ்வகையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. அவசரத்துக்குத் தனியாரிடம் கடன் கேட்கும்போது, "ஈடு எல்லாம் வேண்டாம், கிரயமாகவே எழுதிக்கொடுத்துவிடுங்கள். பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். சட்டத்தில் நிபந்தனைக் கிரய ஈடு என்று ஒரு வகை உண்டு. பார்வைக்குக் கிரயமாகத் தோன்றினாலும் அது ஈடுதான். ஆனால் 1929-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ஒரு விதியை அங்கத்தினர்கள் நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்னும் நிபந்தனை அந்தக் கிரயப்பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தாலொழிய அதை ஈடு என்று சட்டம் கொள்ளாது. தனித்தாளில் எழுதிய ஒப்பந்தம், நாலு பேர் முன் கொடுத்த வாக்கு, கைக்குறிப்பு ஆகியவை இருந்தாலும் அந்தப் பத்திரம் ஈடாகிவிடாது. நான்கு லட்சம் ரூபாய்க் கடனுக்காகப் பதினெட்டு லட்சம் பெறும் வீட்டை வெறும் கிரயமாக எழுதிக்கொடுத்துவிட்டு, பணத்தோடு திரும்பிப் போனபோது வீடு மூன்றாவது ஆளுக்கு விற்கப்பட்டிருந்ததைக் கண்ட குடும்பம் ஒன்றை இக்கட்டுரையாளர் அறிவார். அந்த வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. விற்பனை அதிகாரத்தோடு கூடிய பொது அதிகாரப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாகக் கேட்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஈடு என்று எழுதினால் அது எக்காலத்தும் ஈடாகவே இருக்கும்; பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையைப் பத்திரத்தில் எந்த வாசகம் போட்டும் பறித்துவிட முடியாது. சட்டம் தரும் அந்த அரணை நாமே கையெழுத்துப் போட்டுக் கழற்றிக் கொடுக்கலாகாது.

தவணையும் மொத்தமும்

இனி நமது அங்கத்தினரின் பத்து லட்சத்துக்கு வருவோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 9 என்றும், மாதச் சமத்தவணை என்றும் வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுக் கெடுவானால் மாதம் 8,997 ரூபாய். அவருக்குச் சொன்ன ஒன்பதாயிரம் இதுவே. 240 தவணைகளைப் பெருக்கிப் பார்த்தால், கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 21,59,000 ரூபாய். அதில் வட்டி மட்டும் 11,59,000 ரூபாய். வாங்கிய கடனைக் காட்டிலும் வட்டி அதிகம்.

இதே கடனைப் பதினைந்து ஆண்டுக் கெடுவில் வாங்கினால் தவணை 10,143 ரூபாய். மாதத்துக்கு 1,146 ரூபாய்தான் கூடுதல். ஆனால் வட்டி 8,25,000 ரூபாய் அளவில் நின்றுவிடுகிறது. மிச்சம் ஏறத்தாழ 3,33,000 ரூபாய். பத்து ஆண்டானால் தவணை 12,668 ரூபாய், வட்டி 5,20,000 ரூபாய்.

ரூபாய்க் கணக்கு மனத்தில் பதியவில்லையெனில் சேலைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு சேலைக்கு 1,500 ரூபாய் கூலி என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் கூலி வேறாயின் அதைக் கொண்டு வகுத்துக்கொள்க. இருபது ஆண்டுக் கெடுவில் வட்டிக்காக மட்டும் நெய்ய வேண்டிய சேலைகள் 772. கெடுவைப் பதினைந்தாகக் குறைத்தால் அவற்றில் 222 சேலைகளின் கூலி வீட்டிலேயே தங்கும். மாதத்துக்கு ஒரு சேலை கூட நெய்ய வேண்டாம். முக்கால் சேலை கூடுதலாக நெய்தால் அந்த 1,146 ரூபாய் வந்துவிடும்.

சமத்தவணையில் மற்றொரு நுட்பம் உண்டு. முதல் மாதம் கட்டும் 8,997 ரூபாயில் 7,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் 5,39,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பின்னும் அசல் பாக்கி 8,87,000 ரூபாய் இருக்கும். "இவ்வளவு கட்டியும் கடன் குறையவேயில்லையே, கணக்கில் மோசடி செய்கிறார்கள்" என்று சினந்து வருபவர்கள் உண்டு. மோசடியன்று, பாக்கி அசல் பெரிதாயிருக்கும் காலத்தில் வட்டியும் பெரிதாயிருக்கிறது. ஆகையால்தான் தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் பிந்திய ஆண்டுகளில் கட்டுவதைவிட அதிகப் பலன் தருகிறது.

மோசடி என்று சொல்லத்தக்கது வேறிடத்தில் இருக்கிறது. சில தனியார் நிதி நிறுவனங்கள், குறையும் அசலுக்கு வட்டி கணக்கிடாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுகின்றன. ஒரு லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டு, நூற்றுக்கு 12 வட்டி என்றால், 60,000 ரூபாய் வட்டியைக் கூட்டி 60 மாதத்துக்கு வகுத்து மாதம் 2,667 ரூபாய் என்பார்கள். கேட்பதற்கு 12 என்று தோன்றினாலும், குறையும் அசலின் மீது கணக்கிட்டால் இது நூற்றுக்கு 20-ஐத் தாண்டிவிடும். வட்டி வீதத்தைக் கேட்கும்போதே "குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

மாறும் வட்டி

வீட்டுக்கடனில் நிலை வட்டி, மாறும் வட்டி என இருவகை உண்டு. நிலை வட்டி என்று சொல்லப்படுவது கெடு முழுவதற்குமா, முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக அது சற்று அதிகமாக இருக்கும். பெரும்பாலோர் வாங்குவது மாறும் வட்டிக் கடனே. வணிக வங்கிகள் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வீதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீட்டுக்கடன் நிறுவனங்கள் தமக்கென ஓர் ஆதார வீதம் வைத்துக்கொண்டு அதன்படி ஏற்றி இறக்குகின்றன. எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள் என்பதைக் கேட்டறிதல் நன்று.

மாறும் வட்டி எவ்வளவு மாறக்கூடும் என்பதை 2022-ஆம் ஆண்டு காட்டிவிட்டது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவிகிதமாயிருந்த ரெப்போ வீதம் 2023 பிப்ரவரியில் 6.50 சதவிகிதமாயிற்று. ஓராண்டுக்குள் இரண்டரை சதவிகித ஏற்றம். அதற்குச் சற்று முன் பத்து லட்சத்தை 7 சதவிகித வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 7,753 ரூபாய். வட்டி ஒன்பதரை ஆனால், பத்து லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 7,917 ரூபாய். அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் வளரும். தவணை ஏறவில்லையே என்று மகிழ்ந்திருந்தவர்கள் பலரின் கெடு, அவர்கள் அறியாமலேயே பல ஆண்டு நீண்டுவிட்டது. அறுபது வயதில் தீர வேண்டிய கடன் எழுபதைத் தாண்டினால், தறியில் உட்காரக் கால் ஒத்துழைக்குமா என்பதைக் கடன் கொடுத்தவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதன் பின்னர் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. வட்டியை மாற்றும்போது தவணையும் கெடுவும் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை உயர்த்துவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டும் சிறிது சிறிதாகவா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. தவணை வட்டிக்கும் போதாமற் போகும் நிலை வரலாகாது என்பன அதன் சாரம். ஆகவே, வட்டி ஏறியதாகச் செய்தி வந்தால் அலுவலகத்துக்கு நேரில் சென்று கெடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வட்டி இறங்கினாலும் போக வேண்டும். 2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் ரெப்போ வீதம் 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியது. அப்போது தவணையைக் குறைக்காமல் பழைய தவணையையே தொடர்ந்து கட்டியவர்களுக்குக் கெடு சுருங்கியது. தவணை குறைந்தால் கைக்கு இதம். கெடு குறைந்தால் குடும்பத்துக்கு இலாபம். இரண்டாவதையே நாம் பரிந்துரைப்போம்.

சாவி வாங்குமுன் ஆகும் செலவு

பதினைந்து லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஐந்து லட்சம் கையில் இருந்தால் போதும் என்று நமது அங்கத்தினர் கருதியதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். பதினைந்து லட்சத்துக்கு இது 1,35,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாயின் அதன் மீது கணக்கிடுவார்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் வந்தது.

முப்பது லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்தின் மதிப்பில் 90 சதவிகிதம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருப்பினும், அது உச்ச வரம்பே தவிர உரிமையன்று. மேலும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிட மாட்டார்கள். அதை நாமே போட வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில் வந்து திகைத்து, மனைவியின் நகையை அடகு வைத்தோ கந்துவட்டிக்கு வாங்கியோ பதிவை முடிக்கிறார்கள். ஒன்பது சதவிகிதக் கடனுக்குப் பின்னால் இருபத்துநாலு சதவிகிதக் கடன் ஒன்று சத்தமின்றி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

இவற்றோடு கடன் விண்ணப்பக் கட்டணம், வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்கான கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், உரிமைப் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்யும் செலவு ஆகியவை உண்டு. காப்பீடு ஒன்றைச் சேர்த்து, அதன் பிரீமியத்தையும் கடனிலேயே கூட்டி, அதற்கும் இருபது ஆண்டு வட்டி வாங்குவது இப்போது பரவலான வழக்கம். காப்பீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பவர் ஒருவரே உள்ள குடும்பத்துக்கு அது தேவைதான். ஆனால் அதைத் தனியே, விலை விசாரித்து வாங்கலாம். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வழங்கப்படும் சில்லறைக் கடன்கள் யாவற்றுக்கும், கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. இரண்டு மூன்று இடங்களில் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி, அருகருகே வைத்துப் பார்த்தால் விளம்பரத்தில் சொன்ன வட்டிக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

பட்டா ஒன்றை மட்டும் காட்டி வீடு விற்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். பட்டா உரிமைக்கு முழுச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. தாய்ப்பத்திரத் தொடர், முப்பது ஆண்டு வில்லங்கம், வாரிசுகளின் கையெழுத்து இவை மூன்றும் வேண்டும். பெண்மக்களுக்குப் பங்கில்லை என்று எண்ணி அவர்கள் கையெழுத்தை விட்டுவிடும் பழக்கம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. பின்னாளில் வழக்கு வந்தால் கடன் தவணை மட்டும் நிற்காது.

பருவ வருமானமும் மாதத் தவணையும்

மாதச் சம்பளம் வாங்குவோரை மனத்தில் வைத்தே இந்தத் தவணை முறை வகுக்கப்பட்டிருக்கிறது. நமக்கோ, தீபாவளிக்கு முன் ஓயாத வேலை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நிற்கும். விவசாயிக்கு அறுவடையில்தான் பணம். 1929-இல் ஏற்பட்ட சென்னை மத்திய நிலஅடமான வங்கியின் வழியே கடன் பெற்ற விவசாயிகள் ஆண்டுத் தவணையாகச் செலுத்தி வந்ததற்குக் காரணம் இதுவே. கூட்டுறவு நிறுவனங்களில் இன்றும் அரையாண்டு அல்லது ஆண்டுத் தவணைக்கு இடமுண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மாதத் தவணைதான் உண்டெனில், மந்தமான மாதத்தின் வருமானத்தைக் கொண்டு தவணையை முடிவு செய்ய வேண்டும்; நல்ல மாதத்தைக் கொண்டு அன்று. குறைந்தது நான்கு தவணைத் தொகையைச் சங்கத்தின் சிக்கன நிதியிலோ வைப்பிலோ ஒதுக்கிய பிறகே வீடு வாங்கப் புறப்படுவது உத்தமம். பிறகு, போனசு வரும்போதும் சரக்கு விற்கும்போதும் கூடுதலாகக் கட்டலாம். இருபது ஆண்டுக் கடனில் ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை, அதாவது 8,997 ரூபாய், அதிகமாகக் கட்டி வந்தால் கடன் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு முன்னதாகத் தீரும். கட்டும்போது "அசலில் வரவு வைத்துக் கெடுவைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து இரசீது பெற வேண்டும். 2026 ஜனவரி முதல் தேதிக்குப் பின் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கியவற்றை முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். அதற்கு முந்திய கடன்களுக்கு அக்காலத்து விதியையும் பத்திர வாசகத்தையும் பார்க்க வேண்டும்.

நீண்ட கெடு வாங்கி முன்கூட்டிக் கட்டுவதா, குறுகிய கெடுவே வாங்குவதா என்று சிலர் கேட்பதுண்டு. ஒழுங்காகச் சேமிக்கும் பழக்கமுள்ளவருக்கு முதல் வழி நல்லது. மந்தக் காலத்தில் சிறிய தவணை காப்பாற்றும். கையில் பணம் தங்காதவருக்கு இரண்டாவதே நல்லது. அவரவர் இயல்பை அவரவரே அறிவர். தெரியாவிட்டால் வீட்டு அம்மாளைக் கேட்கலாம்.

எங்கே வாங்குவது

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அவ்வாண்டிலேயே நெசவாளர் நகரமாகிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று என்பது நமக்கெல்லாம் பெருமை. எனினும் பெருமைக்காக அதிக வட்டி கட்ட வேண்டியதில்லை. கூட்டுறவு வங்கி, வீட்டுவசதிச் சங்கம், வணிக வங்கி ஆகிய மூன்றிலும் விசாரிக்க வேண்டும். கூட்டுறவு வங்கியில் கடனின் ஒரு சிறு பகுதியைப் பங்குத்தொகையாகப் பிடிப்பார்கள். அது செலவன்று, நம் பெயரிலேயே நிற்கும். ஆயினும் கைக்கு வரும் பணம் அந்த அளவு குறையும். நெசவுக் கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்று வணிக வங்கி தயங்கும் இடத்தில், சங்கத்தின் கூலிப் பட்டுவாடாக் கணக்கையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் காட்டலாம். கூலியைக் கையில் ரொக்கமாக வாங்காமல் கணக்கில் வாங்குவோருக்கு இதில் பெரும் அனுகூலம் இருக்கிறது.

நகரப் பகுதியில் முதல் வீடு வாங்குவோர், 2024 செப்டம்பர் முதல் தேதி ஐந்தாண்டுக் காலத்துக்கெனத் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை விசாரிக்க வேண்டும். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் எவருக்கும் நாட்டில் வேறெங்கும் நல்ல கட்டடமான வீடு இல்லையெனில், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவிகித வட்டி மானியம் உண்டு. உச்ச அளவு 1,80,000 ரூபாய். ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். இடைத்தரகர் எவருக்கும் இதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

தவறினால்

தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றுவிட்டால் கடனை வாராக்கடனாக வகைப்படுத்துவார்கள். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்ற வழக்கின்றியே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஏலத்துக்கான பொது அறிவிப்பு வெளியாகுமுன் பாக்கி முழுவதையும் செலவோடு செலுத்தினால் வீட்டை மீட்கலாம். அதன்பின் மிகக் கடினம்.

ஆகையால் தறி நின்ற முதல் மாதமே கிளைக்குச் சென்று நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள்தாம் வீட்டை இழக்கிறார்கள். இரண்டு மாதப் பாக்கியோடு வருபவரின் தவணையை மாற்றியமைக்கக் கிளை மேலாளரால் ஏதேனும் செய்ய இயலும். ஏல விளம்பரத்தோடு வருபவருக்கு அவரால் செய்யக்கூடியது மிகச் சொற்பம். அபராதத்தை வட்டியோடு கூட்டி, அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023-இல் பிறப்பித்த ஆணையின் மூலம் தடுத்துவிட்டதால், கணக்குப் பட்டியலில் அப்படி ஏதேனும் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

நமது அங்கத்தினர் அந்தப் பதினைந்து லட்சம் ரூபாய் வீட்டை அவ்வாண்டு வாங்கவில்லை. மறு ஆண்டு தீபாவளிக்குப் பின், பதிவுச் செலவையும் நான்கு தவணையையும் தனியே சேர்த்துக்கொண்டு, பின்கட்டில் மண்தரையுள்ள சிறிய வீடு ஒன்றைப் பதினைந்து ஆண்டுக் கெடுவில் வாங்கினார். இப்போது அவர் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் பாக்கி அசலைத்தான் சொல்கிறார், தவணையைச் சொல்வதில்லை.

கடன் தீர்ந்த அங்கத்தினர்களுக்கும் ஒரு வேலை மீதியிருக்கிறது. முழுத் தொகையும் செலுத்திய 30 நாள்களுக்குள் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கொடுத்தபோது வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்து வாங்குக. பிறகு, கடன் தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, சில நாள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, ஈடு நீங்கிய பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடலாம்.